மாமரத்தைச் சுற்றி வந்த சறுக்கு

எங்கள் ஊர்க் கிணற்றில் உச்சி வேளையில் முனி குளிக்கும் என்று சொல்லி ஆம்பிளைகள்கூட அந்தப் பக்கம் போகாத காலத்தில், அதே கிணற்றில், அதே உச்சி வேளையில் குதித்து நீந்தக் கற்றுக்கொண்டவள் நான். அந்த நேரத்தில்தான் கிணறு காலியாக இருக்கும், பொம்பளைப் பிள்ளைக்கு என்ன நீச்சல் என்று கேட்க ஆள் இருக்காது, அதனால் முனி எனக்குச் செய்தது உபகாரம்தான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன். காற்று, கருப்பு, கழிப்பு, மந்திரித்த கயிறு, எதுவும் எங்கிட்ட நடக்காது. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மாமியார் வேப்பிலை அடிக்க ஆள் கூட்டிவந்தார், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்துவிட்டேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதற்காகவாவது முழுக்கக் கேளுங்கள். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் கோபம் இல்லை, என் வீட்டுக்காரரே கடைசிவரைக்கும் நம்பவில்லை.

எழுபதுகளில் நடந்தது இது. நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். சரோஜா டீச்சர் என்றால் பிள்ளைகளுக்கு விசிலும் பிரம்பும்தான் ஞாபகம் வரும். ஊரில் தாமோதரன் முதலாளி என்று ஒருவர் இருந்தார், பட்டு ஜவுளிக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கடையில் எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர். புடவை வியாபார விஷயமாக வெளிநாடு போனவர் அங்கே ஏதோ கடற்கரை ஊரில் ஒரு தண்ணீர்ச் சறுக்கைப் பார்த்துவிட்டார். உயரமான இடத்திலிருந்து தண்ணீர் ஓடுகிறது, அதோடு சேர்ந்து ஜனங்களும் சறுக்கிக்கொண்டு வந்து குளத்தில் விழுகிறார்கள், கிழவர்கள்கூட விழுந்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரிக்கிறார்கள். மனிதர் ஊர் திரும்பியதும் வியாபாரத்தைப் பற்றிப் பேசவில்லை, அதைப் பற்றியேதான் பேசினார்.

திருப்புட்குழி போகிற வழியில் அவருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது, நல்ல ஊற்றுள்ள பெரிய கிணறும் இருந்தது. அங்கே ஒரு குளம் கட்டி, பக்கத்தில் மேடை எழுப்பி, மேடையிலிருந்து குளத்துக்கு நேராக ஒரு சிமெண்டுச் சறுக்கு இறக்கினார். மேலே தொட்டி, கிணற்றிலிருந்து மோட்டார் வைத்துத் தொட்டிக்குத் தண்ணீர். ஊர் சிரித்தது. கோயிலுக்குப் போகிற ஊரில் குளத்தில் குதிக்க எவன் வருவான் என்று கேட்டார்கள். அந்தக் கோடையிலேயே வரதர் கோயில் கூட்டமெல்லாம் திரும்புகிற வழியில் தோப்பில் வண்டியை நிறுத்தியது, சறுக்குத் தோப்பு என்று பெயரும் வைத்துவிட்டது. பெண்களுக்கென்று காலை நேரத்தை ஒதுக்கினார், அப்போது கரையில் உட்கார நீச்சல் தெரிந்த பெண்பிள்ளை வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் சரி என்றேன். புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வாழ்நாளில் ஓடியே அறியாத மாமிகள் மேலேயிருந்து "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே வந்து தண்ணீரில் விழுந்து, எழுந்து, மறுபடியும் படியேற ஓடியதைப் பார்த்தவள் நான். அந்த முதலாளிக்குப் புண்ணியம் என்று ஏதாவது இருந்தால் அது அந்தச் சிரிப்புதான்.

இரண்டு கோடை போனதும் அவருக்கு அந்த நேர்ச்சறுக்கு போதவில்லை. இன்னும் உயரம் வேண்டும், வளைவு வேண்டும். மேடையை உயர்த்தினால் குளத்துக்கு முன்னால் ஒரு பெரிய மாமரம் குறுக்கே நின்றது. வெட்டிவிடலாம் என்றார்கள்.

"மரத்த வெட்டிட்டு நான் யாருக்குப்பா நிழல் குடுக்கறது? சறுக்க சுத்திக்கினு வரச் சொல்லுங்க," என்றார் முதலாளி.

சுற்றி வரவைக்க வந்தவர்தான் ஏகாம்பரம் மேஸ்திரி. கூரத்துக்காரர். நாற்பதைத் தாண்டாத வயசு, சிவப்புச் சட்டை, வாயில் எப்போதும் வெற்றிலை, பேச்சு நிற்கவே நிற்காது. தன்னைப் போலக் கட்டடக்காரன் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே இல்லை என்று தானே சொல்லிக்கொள்ளுவார், சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார், நாம் ஒப்புக்கொள்கிறவரைக்கும் கரண்டியைக் கையில் எடுக்கமாட்டார். அவர் மனைவி அஞ்சலையும் அங்கேயே சித்தாள் வேலை பார்த்தாள். "இந்த ஆளு வாயில பாதி நேரம் கையில இருந்தா கோபுரமே கட்டிருப்பாரு" என்று அவள் கலவைச் சட்டியோடு போகிறபோது சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் வேலை என்று உட்கார்ந்துவிட்டால், அடடா, அந்தக் கை. ஈரச் சிமெண்டைத் தடவும்போது குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி இருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு அதைப் பார்க்கவே போய் நிற்பேன்.

சறுக்கு எழும்பியது. மரத்தை ஒட்டி வளைந்து, குளத்துக்கு இறங்கியது. தண்ணீரைத் திறந்து, ஒரு கோணிப்பையில் மணலைக் கட்டி, ஒரு பிள்ளையின் கனத்துக்கு, மேலேயிருந்து விட்டார்கள். பை வந்த வேகத்தில் வளைவில் திரும்பவே இல்லை. சுவரின்மேல் ஏறி, அப்படியே பறந்து, மாமரத்தில் மோதிக் கிழிந்தது. மணல் எங்கள் தலையில் கொட்டியது. என் கண்ணுக்கு அது மணலாகத் தெரியவில்லை, என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தார்கள்.

ஏகாம்பரம் வெற்றிலையைத் துப்பினார். கடப்பாரையை எடுத்தார். தான் கட்டிய வளைவைத் தானே இடித்துத் தள்ளினார். பிறகு அவர் கட்டியதைத்தான் நான் இன்றைக்கும் மனசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வளைவில் வெளிப்பக்கச் சுவரை மேலே மேலே கொண்டுபோய், அலை மடிகிற மாதிரி மடித்து, உள்பக்கச் சுவரோடு சேர்த்துவிட்டார். இப்போது அந்த இடம் ஒரு குகை. இந்த வாயில் நுழைந்தால் அந்த வாயில்தான் வெளியே வரமுடியும், நடுவில் பறக்க வழியே இல்லை.

"இப்ப யானைக்குட்டிய உருட்டி விடுங்க டீச்சரம்மா, அதுவும் குளத்துலதான் வந்து விழும்," என்றார்.

ஆனால் உள்ளே மொசைக் போட்டு அதைத் தேய்க்கிற வேலை பாக்கி இருந்தது. நேரான இடங்களில் எல்லாம் மெஷின் வைத்துத் தேய்த்துவிட்டார்கள், குகைக்குள் மெஷின் நுழையாது, உட்கார்ந்து கல்லைப் பிடித்துக் கையால்தான் தேய்க்கவேண்டும். அந்தச் சமயம் பார்த்து ஏகாம்பரத்துக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கண் இரண்டும் மஞ்சளாகி, நிற்கமுடியாமல் போய், அஞ்சலை அவரை வண்டியில் போட்டுக் கூரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். ஊரிலிருந்து வேறு ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் உள்ளே தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு, "அவரு மனசுல இன்னா வளைவு வெச்சிக்கினு இருக்காரோ, நான் கை வெச்சிக் கெடுத்துட்டா அப்புறம் திருத்த முடியாதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே ஒரு மணல்பையை விட்டுப் பார்த்தோம். பறக்கவில்லை, சரியாகத்தான் வந்தது, ஆனால் வெளியே வந்தபோது ஒரு பக்கம் முழுக்கத் தோல் உரித்தமாதிரி கோணி கிழிந்திருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு மேடு வேறு இருந்தது, அதில் இடிக்கும் சத்தம் வெளியே கேட்டது.

முதலாளி ஜட்கா வண்டியில் ஒலிபெருக்கி கட்டி நான்கு மாட வீதியிலும் திறப்பு நாளைச் சொல்லியாகிவிட்டது. லீவு விட்டதும் திறப்பு, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் முதலில் சறுக்கப் போகிறார்கள்.

"கொஞ்சம் சொரசொரப்புதானம்மா. தண்ணிய அதிகமா விட்டா சரியாப் போவும்," என்றார்.

"அந்தக் கோணியத் தொட்டுப் பாத்தீங்களா? என் பசங்கள நான் அனுப்ப மாட்டேன் முதலாளி. நீங்க வேற யாரயாவது கரையில உக்கார வெச்சிக்கோங்க," என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கெட்ட மனிதர் இல்லை அவர். சொன்ன வார்த்தைக்கும் என் வார்த்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, ஏனென்றால் அந்தத் தோப்பை விட்டுவிடுவது எனக்கும் லேசான காரியம் இல்லை.

அதற்கடுத்து வந்த சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். மனசு கேட்காமல் மத்தியானம் தோப்புக்குப் போனேன். நல்ல வெயில். வேலை நின்றுபோய்க் கிடந்ததால் ஆள் நடமாட்டமே இல்லை, காவல்காரரும் சாப்பிடப் போயிருந்தார். குளத்தில் பாதித் தண்ணீர் இருந்தது. ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் பிறகு மர நிழலில் டிபன் பாக்ஸைத் திறக்கலாம் என்று நினைத்து, பாக்ஸை மரத்தடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கர்... கர்... கர்... என்று கல்லில் கல் தேய்க்கிற சத்தம். குகைக்குள்ளேயிருந்து வந்தது.

யாரோ பையன் உள்ளே புகுந்துகொண்டு விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். குளத்துப் பக்கம் சுவரைத் தாண்டிச் சறுக்கில் ஏறி, குகையின் கீழ்வாயில் குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்தேன். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. ஏகாம்பரம் மேஸ்திரி. சட்டை இல்லாமல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு, வட்டம் வட்டமாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். "இன்னா மேஸ்திரி இது, காமாலையோட எழுந்து வந்துட்டீங்க? அஞ்சலைக்குத் தெரியுமா? இந்த வெயில்ல எதுல வந்தீங்க?" என்று விளாசித் தள்ளினேன்.

அவர் திரும்பவில்லை. கையும் நிற்கவில்லை. "தண்ணி ஊத்துமா," என்றார்.

குரல் அவர் குரல்தான், அதில் சந்தேகமே இல்லை. தேய்க்கிற இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், தினமும் பார்த்தவள்தானே, அதனால் திட்டுவதை நிறுத்திவிட்டு வாளியை எடுத்துக் குளத்தில் முக்கிக் கொண்டுவந்து ஊற்றினேன். தேய்த்தார். மறுபடியும் ஊற்றினேன். பால் மாதிரி வெள்ளைக் குழம்பு என் காலுக்கடியில் ஓடிக் குளத்தில் இறங்கியது. எத்தனை வாளி ஊற்றினேன் என்று கணக்கே இல்லை. பசி மறந்துபோயிற்று. பேசியே கொல்லுகிற மனிதர் அன்றைக்குப் பேசவில்லை, வாயில் வெற்றிலை இல்லை, உடம்பு முடியவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை வாளியை வாங்கப் பாதி திரும்பினார், முகத்தைப் பார்த்தேன், அவரேதான், கொஞ்சம் வயசு கூடினவர் மாதிரித் தெரிந்தது, காமாலை ஆளை உருக்கிவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கையைச் சொல்லவேண்டும். நான் பார்த்துப் பார்த்து வியந்த கை அதுவே, ஆனால் அன்றைக்கு அதில் அவசரம் என்பதே இல்லை. மேட்டைக் கரைக்கிறார் என்று தெரியாது, மேடு தானாகவே இறங்கிக்கொண்டது. மண்பானை வனைகிறபோது சக்கரம் சுற்றும், கை நிற்கும், தெரியுமா, இங்கே கை சுற்றியது, சுவர் வளைந்துகொடுத்தது. அப்படி ஒரு வேலையை என் ஆயுளில் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் நீங்கள் சிரிக்கக்கூடாது.

கடைசியில் கல்லைக் கீழே வைத்தார். "கண்ண மூடிக்கினு தடவிப் பாருமா. எங்க வளைய ஆரம்பிக்குதுன்னு சொல்லு," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தடவினேன். நுங்கின் உட்பக்கம் மாதிரி இருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து தடவினேன், எங்கே நேர், எங்கே வளைவு என்று என் கைக்குப் பிடிபடவே இல்லை. கண்ணைத் திறந்து சிரித்தேன். அவர் என் பின்னால், கீழ்வாய்ப் பக்கம், அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இருங்க, தயிர்சோறு இருக்குது, எடுத்தாரேன், காமாலைக்கு நல்லது," என்று சொல்லிவிட்டு, நான் இருந்த மேல்வாய் வழியாகவே வெளியே வந்து, பக்கச்சுவரைத் தாண்டி மரத்தடியில் குதித்தேன். பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழ்வாய்க்குப் போனேன். உள்ளே யாரும் இல்லை.

மேஸ்திரி, மேஸ்திரி என்று கூப்பிட்டேன். கீழ்வாய் வழியாக வந்து சுவரைத் தாண்டியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கவேண்டும், குளத்தில் இறங்கியிருந்தால் அலை இருக்கவேண்டும், தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. மேலே போயிருந்தால் மேடைப் படியில் இறங்கியிருக்கவேண்டும், மரத்தடியில் நிற்கிறவளுக்கு அந்தப் படி எதிரே. மேல்சறுக்கில் மாம்பூவும் சருகும் விழுந்து படிந்திருந்தது, அதில் நான் தாண்டிய இடத்தைத் தவிர ஒரு காலடி இல்லை. இதெல்லாம் கண்ணில் பட்டது, மூளையில் ஏறவில்லை. எங்கேயோ எகிறிக் குதித்துப் போய்விட்டார், அவருக்கு அப்படி ஒரு குணம் உண்டு, பாராட்டுக் கேட்காமல் போனதுதான் அதிசயம் என்று நினைத்துக்கொண்டு நான் மோட்டாரைப் போட்டேன்.

முதலில் மணல்பையை விட்டேன். ஒரு நூல் கிழியவில்லை, இடிக்கும் சத்தமும் இல்லை. அதற்குமேல் எனக்குப் பொறுமை ஏது? சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடையேறி உட்கார்ந்து கையை விட்டேன். காற்று காதில் அடித்தது, மாமரம் என்மேல் சாய்வது மாதிரி வந்தது, பிறகு குகை, ஒரு விநாடி இருட்டு, எங்கே திரும்பினேன் என்றே தெரியாமல் திரும்பி, வெளிச்சம், குளம். தண்ணீருக்குள் போய் வெளியே வந்து, ஆளில்லாத தோப்பில் நான் ஒருத்தியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்தச் சறுக்கில் முதலில் இறங்கிய மனுஷி நான்தான், அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருக்கும்போது முதலாளியின் கார் உள்ளே வந்தது. நான் ஓடினேன்.

"முடிச்சிட்டாரு முதலாளி! மேஸ்திரி முடிச்சிட்டாரு! நானே சறுக்கிப் பாத்துட்டேன், வெண்ணெய் மாதிரி இருக்குது!"

அவர் காரிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தபடி என்னையே பார்த்தார். "எந்த மேஸ்திரிம்மா?"

"ஏகாம்பரந்தான். மத்தியானத்துலருந்து உள்ள உக்காந்து தேச்சிக்கினு இருந்தாரு. நான்தான் தண்ணி ஊத்தினேன்."

"நான் கூரத்துலருந்துதான் வரேம்மா," என்றார் மெதுவாக. "நாற்காலில உக்காந்து வேலய சொல்லவாவது முடியுமான்னு கேக்கப் போனேன். அவனால தலைய தூக்க முடியல. மத்தியானத்துலருந்து அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கையப் புடிச்சிக்கினு இருந்தேம்மா. விட்டா அழறான்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார், நான் அவரை நினைத்தேன். பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குகைக்குள் குனிந்து போனார். பட்டைத் தொட்டே தரம் சொல்கிற விரல்கள் அவருடையவை. உள்ளேயிருந்து "தேவுடா" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டது. வெளியே வந்தபோது, குகையின் மேல்வளைவில் தண்ணீர் படாத இடத்து வெள்ளைக் குழம்பு அவர் விரலெல்லாம் ஒட்டியிருந்தது, இன்னும் காயவில்லை அது.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அங்கே நிற்கும்போது இல்லை, வீட்டுக்கு வந்து ஈரச்சேலையைப் பிழியும்போது. மறுநாளே முதலாளி கூரத்துக்கு ஆள் அனுப்பி அஞ்சலையிடம் தனியாகக் கேட்டார். அவள், "எழுந்து நடந்தாரா? பாயிலருந்து புரளவே என்னைக் கூப்புடறாருபா" என்று சொல்லி அனுப்பினாள். மேஸ்திரி தேறி வருகிறவரைக்கும் அவரிடம் யாரும் மூச்சுவிடக்கூடாது என்று முடிவுசெய்தோம். திறப்பு நாளையும் அவருக்காகத் தள்ளிவைத்தார் முதலாளி, ஜட்கா மறுபடியும் மாட வீதியைச் சுற்றியது.

ஏகாம்பரம் வந்தபோது பாதி ஆளாக இருந்தார். அஞ்சலை தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார், அப்போதும் சிவப்புச் சட்டை. யார் தேய்த்தது என்று முகம் சிவக்கக் கேட்டார், தன் வேலையில் வேறொருத்தன் கை வைத்த கோபம். போய்ப் பாருங்கள் என்றோம். உள்ளே தவழ்ந்து போனார். வெகுநேரம் வரவில்லை. அஞ்சலை பயந்துபோய்க் குகைவாயில் குனிந்து, "யோவ், இன்னா பண்ற உள்ள? மயக்கமா?" என்று கூப்பிட்டாள்.

வெளியே வந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. சறுக்கின் விளிம்பில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அப்போது எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர் ஊற்றியதை, கண்ணை மூடித் தடவியதை, எல்லாம். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவில்லை.

"கல்ல சுத்தற தினுசு என்னுதுதான் டீச்சரம்மா," என்றார். "இடப்பக்கம் அழுத்தி வலப்பக்கம் விடுவேன், வேற எவனும் அப்படி விடமாட்டான். இது என் கைதான். ஆனா இந்த அளவுக்குக் கை எனக்கு இன்னும் வரல."

அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஜில்லாவிலேயே தன்னைப் போல ஆள் இல்லை என்கிற பேச்சும் அதோடு நின்றுபோயிற்று.

திறப்பு நாள் திருவிழா மாதிரி இருந்தது. தோப்பு முழுக்க வண்டி, மாலை, நாதசுரம். முதலாளி ஏகாம்பரத்துக்கு எல்லார் முன்னாலும் மாலை போட்டார், அஞ்சலை அழுதாள். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்றார்கள், நான் கீழே குளக்கரையில், என் பக்கத்தில் மாலையோடு ஏகாம்பரம். விசில் ஊதினேன். ஒவ்வொன்றாக வந்து விழுந்தார்கள், விழுந்து எழுந்த முகங்களைப் பார்க்கவேண்டுமே, அத்தனை அழகு. ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை.

குமுதா என்று ஒரு பிள்ளை, இருக்கிறதிலேயே சின்னவள், பயந்தாங்கொள்ளி, தோப்புக்குப் புதிது, அன்றைக்கு முன்னால் மேஸ்திரியைப் பார்த்தே அறியாதவள். மேலே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், வேண்டாம் என்றால் படியில் இறங்கிவிடு என்று நான் கத்துவதற்குள் சறுக்கிவிட்டாள். குகைக்குள் போகிறவரைக்கும் அலறல் கேட்டது, உள்ளே போனதும் நின்றுவிட்டது. எனக்கு உயிரே இல்லை. வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டு வந்தாள். குளத்தில் விழுந்து, தலையைத் தூக்கி, முடியை ஒதுக்கிக்கொண்டு கரையைப் பார்த்தவள், ஏகாம்பரத்தைக் கண்டு அப்படியே நின்றாள்.

"நீங்க எப்படி எனக்கு முன்னாடி வெளிய வந்தீங்க?" என்றாள்.

"இன்னாடி சொல்ற?" என்றேன்.

"உள்ள இவருதான டீச்சர் அழாத அழாதன்னு தோளப் புடிச்சித் திருப்பி வுட்டாரு."

ஏகாம்பரத்தின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். ஆனாலும் குனிந்து, அவளைக் கரையேற்றக் கையை நீட்டினார். அவள் பழகினவர் கையைப் பிடிக்கிற மாதிரி சட்டென்று பிடித்தாள். ஏறி நின்று அந்தக் கையை விடாமல் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"உள்ள சில்லுன்னு இருந்துச்சே," என்றாள். "இப்ப சுடுது."

அதற்குப் பிறகும் அந்தச் சறுக்கில் நான் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன், அதன் அழகு எனக்கு அலுத்ததே இல்லை. வளைவுக்குள் நுழையும்போது மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டுவிடுவேன். தோளில் படுகிற அந்தச் சில்லிப்பு தண்ணீருடையதுதான் என்று இன்றுவரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.